பவளக்கல் வீடுகள்

வீடு இயற்கையோடு இணைந்திருக்க வேண்டும் என்று இன்றைய கட்டடக் கலைஞர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். காற்று வரும் திசை பார்த்துச் சன்னல் வைக்க வேண்டும். வெயில் விழும் பக்கத்தில் நிழல் வேண்டும். நடுவில் முற்றம் வேண்டும். கட்டுமானப் பொருள்கள் தொலைதூரத்திலிருந்து வராமல் அருகிலேயே கிடைப்பவையாக இருக்க வேண்டும். இவையே அவர்கள் கூறும் இலக்கணங்கள்.

இந்த இலக்கணங்கள் எல்லாம் பொருந்திய வீடுகளைத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியின் பழைய தெருக்களில் ஒருமுறை நடந்து வந்தால் போதும். தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, திண்ணை, முற்றம் ஆகியவற்றோடு அமைந்த வீடுகளை அங்கே காணலாம். அவற்றுள் பலவற்றின் சுவர்கள் கடலிலிருந்தே வந்தவை. காரை பெயர்ந்த இடத்தில் உற்று நோக்கினால், கல்லின் மேல் சிறு சிறு விண்மீன் வடிவக் குழிகள் தெரியும். அது மலையில் பிறந்த கல் அன்று. கோடானுகோடி சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய பவளக்கல்! 1888ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப்பட்டு, 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற நூற்பாலையின் பெயர் 'கோரல் மில்' என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். 'கோரல்' என்றால் பவளம்.

காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ற அருமையான வீடுகள் இவை. ஆனால் இவற்றுக்காகக் கடல் கொடுத்த விலை என்ன? இக்கட்டுரையில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஓலை வீடும் கல் வீடும்

இக்கரையின் முதல் வீடு பனை தந்த வீடு. பனங்கட்டை தூண், பனையோலை கூரை, ஓலைத் தட்டியே சுவர். அறிவியல் நோக்கில் இது எளிய வீடு அன்று. ஓலைக்கு எடை குறைவு. ஆகையால் அது வெப்பத்தைச் சேர்த்து வைப்பதில்லை. கதிரவன் சாய்ந்தவுடன் குடிசையும் குளிர்ந்து விடுகிறது. தட்டியின் இடுக்குகள் வழியே காற்று தாராளமாக நுழைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய ஓலைக்கு ஈடாகப் பனை ஆண்டுதோறும் புதிய ஓலைகளை விடுகிறது. வீட்டுக்கு எடுத்ததை மரம் திருப்பித் தந்துவிடுகிறது.

ஆனால் ஓலை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அதன் துன்பமும் தெரியும். ஒரு பொறி விழுந்தால் ஒரு தெருவே எரிந்து போகும். புயல் வந்தால் கூரை பறக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்ற வேண்டும். கல் வீடு வேண்டும் என்று மக்கள் ஆசைப்பட்டது ஆடம்பரத்துக்காக மட்டும் அன்று, பாதுகாப்புக்காகவும்தான்.

கல்லுக்கு எங்கே போவது? நகரைச் சுற்றியுள்ளவை மணலும் உப்பளமும் கரிசலும். கருங்கல் வேண்டுமானால் மேற்கே வெகுதூரம் செல்ல வேண்டும். செங்கல்லுக்கு ஏற்ற வண்டல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து வண்டி கட்டிக் கொண்டு வர வேண்டும். கடலிலோ, கண்ணுக்கெட்டும் தூரத்தில் தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஆழமில்லாத நீரில் பவளப்பாறைகள் இருந்தன. நீரில் இருக்கும்போது எளிதில் வெட்டலாம், வள்ளத்தில் ஏற்றலாம், கரையில் உலர்த்தினால் சுவருக்கு ஆயிற்று. உடைந்த துண்டுகளைக் காளவாயில் இட்டால் சுண்ணாம்பும் ஆயிற்று.

இந்த எண்ணம் நம் கரைக்கு மட்டும் உரியதன்று. இந்துமாக் கடலைச் சுற்றிலும் இது பரவியிருந்தது. கென்யக் கரையிலுள்ள லாமு நகரின் பழைய வீடுகள் பவளக்கல்லாலும் அலையாத்தி மரங்களாலும் ஆனவை. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் பவளக்கல்லில் நுண்ணிய செதுக்கு வேலைகளோடு கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசல் 1658ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் அதே 1658இல்தான். பின்னர் 1825இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1866இல் நகராட்சி, 1876இல் இருப்புப்பாதை, 1888இல் நூற்பாலை என ஊர் வளர வளர, வீடுகளும் பண்டகசாலைகளும் மதிற்சுவர்களும் பெருகின. கல்லின் தேவையும் பெருகியது.

சுவருக்குள் நிகழ்வது என்ன?

பவளக்கல் வீடு ஏன் வாழ்வதற்கு இதமாக இருக்கிறது? இதை மூன்று படிகளில் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, காற்று. ஒரு கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ உலர்ந்த மணலைச் சூடாக்கத் தேவைப்படுவதைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு. எனவே பகலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று. இரவில் இது திசை மாறி நிலக்காற்று ஆகிறது. தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே. ஆகவே கிழக்கில் வாயிலும் சன்னல்களும், மேற்கில் எதிர்ச் சன்னலும், நடுவே முற்றமும் இருந்தால் காற்று வீட்டை ஊடுருவிச் செல்லும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து புழுதியை வாரி வரும் கச்சான் காற்றுக்கு, மேற்குச் சன்னல்களைச் சிறியனவாக வைத்தார்கள்.

இரண்டாவது, சுவர். பவளக்கல் துளைகள் நிறைந்தது. அது எந்தக் கனிமத்தால் ஆனதோ, அந்தக் கனிமத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.9 கிராம். ஆனால் திரளாக வளரும் பவளத்தின் கூடு, துளைகளையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 1.4 கிராம்தான். துளைகளில் காற்று இருப்பதால் வெப்பம் மெல்லவே கடக்கிறது. 45 செ.மீ. தடிப்புள்ள சுவராயின், வெளிப்புறத்தில் உச்சி வெயில் பட்ட வெப்பம் உள்ளே வந்து சேரப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் இரவு வந்துவிடும். அந்த இரவில் வீட்டுக்குள் சற்றுப் புழுக்கம் இருக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் கோடையில் மக்கள் திண்ணையிலும் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் படுத்தார்கள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம் இருந்தது.

மூன்றாவது, சுண்ணாம்பு. பவளமும் சிப்பியும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசில் சுட்டால், 100 கிலோ கார்பனேட்டிலிருந்து 44 கிலோ கரியமில வாயு பிரிந்து, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீரூற்றி நீற்றினால் அது பொங்கிக் குழைவாகும். சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று, மீண்டும் கார்பனேட்டாகவே இறுகும். கல்லாகப் பிறந்து, தூளாகி, மறுபடியும் கல்லாகும் பொருள் இது! வெள்ளையடித்த சுவர் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலும், இக்கட்டடங்களின் சுவர்களில் இரும்பு இல்லை. உப்புக் காற்று அரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு பவளம்?

இனி கணக்குக்கு வருவோம். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துத் தாங்களே செய்து பார்க்கலாம்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடு 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் எனக் கொள்வோம். சுற்றளவு 36 மீட்டர். சுவரின் உயரம் 3.5 மீட்டர்; தடிப்பு 0.45 மீட்டர். இவற்றைப் பெருக்கினால் சுவரின் கன அளவு ஏறக்குறைய 57 கன மீட்டர். கதவு, சன்னல்களுக்காகக் கழிக்க வேண்டியதும், உள்சுவர்களுக்காகக் கூட்ட வேண்டியதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என வைத்துக் கொள்ளலாம். ஒரு கன மீட்டருக்கு 1.4 டன் வீதம், மொத்தம் சுமார் 80 டன் பவளக்கல். சுண்ணாம்புக்கு ஆன பவளம் இதில் சேரவில்லை.

இந்த 80 டன்னைக் கடல் எப்படி உண்டாக்கியது? பவளம் ஓர் உயிரி. குண்டூசித் தலையளவே உள்ள மொட்டுயிர்கள், கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைப் பிரித்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் ஒரு செல் பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. ஒளி வேண்டும் என்பதால் ஆழமில்லாத, தெளிந்த நீரிலேயே பவளப்பாறை செழிக்கும். திரளாக வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். அதாவது, சுவரிலுள்ள 30 செ.மீ. கல் ஒன்று முப்பது ஆண்டு வளர்ச்சி!

பாறைப் பரப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால், நல்ல நிலையிலுள்ள பவளப்பாறை ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ கார்பனேட்டைப் படிய வைக்கும். 80 டன் என்பது 80,000 கிலோ. அதை 4ஆல் வகுத்தால் 20,000 சதுர மீட்டர், அதாவது 2 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 5 ஏக்கர். ஆக, ஐந்து ஏக்கர் பவளப்பாறையின் ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரே வீட்டின் சுவர்களுக்குள் போய்விட்டது. ஊரில் பத்து வீடுகள் இருந்தபோது இது கடலுக்குப் பெரிதில்லை. ஆயிரக்கணக்கில் வீடுகளும் மதில்களும் எழுந்தபோது நிலைமை வேறாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் வீட்டுத் தேவையோடு சுண்ணாம்புக் காளவாய்களின் தேவையும், கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களின் தேவையும் சேர்ந்து கொண்டன.

முத்துக்கு ஒரு நீதி

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். இதே கடலில் முத்துக்குக் கணக்கு இருந்தது. முத்துச் சிப்பிகள் வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளை நம் மீனவர்கள் 'பார்' என்பர். இவை தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலிருந்து வேறானவை. இன்னும் ஆழத்தில், கரைக்கு வெகு தொலைவில் உள்ளவை. முத்துக்குளிப்புக்கு முன்னால் அரசு அதிகாரிகள் பார்களுக்குப் படகில் சென்று, சிப்பிகளை எடுத்துப் பார்த்து, அவற்றின் வயதையும் தொகையையும் மதிப்பிடுவார்கள். சிப்பி முதிரவில்லை என்றாலோ, போதிய அளவு இல்லை என்றாலோ அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இவ்வாறு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்கள் மூடியே கிடந்ததுண்டு. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு வரிசை. அதன்பின் சிப்பி வளம் தேறாததால் குளிப்பு நடக்கவில்லை.

முத்து விலையுயர்ந்தது, ஆகவே எண்ணினார்கள். பவளக்கல் மலிவானது, ஆகவே எவரும் எண்ணவில்லை. விலை குறைந்த பொருள் வளர்வதற்கும் அதே காலம் பிடிக்கும் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

எச்சரிக்கை எழாமல் இல்லை. 1969ஆம் ஆண்டு சனவரியில் மண்டபத்தில் பவளப்பாறைகளைப் பற்றி அறிவியலறிஞர்கள் கருத்தரங்கு ஒன்றை நடத்தினர். மன்னார் வளைகுடாவில் பவளம் வெட்டப்படுவது குறித்து அங்கே பேசப்பட்டது. 1986இல் இவ்வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. ஆயினும் கல் எடுப்பது, 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை நேரில் கண்ட பிறகே நின்றது.

கடல் கேட்ட விலை

தூத்துக்குடிக்கு அருகில் நான்கு தீவுகள் சொல்லப்படும்: வான் தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. தமிழில் சல்லி என்றால் உடைந்த சிறு கல். பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து உருவான தீவுகள் இவை. பாறை உடைந்து சல்லி தருகிறது. பாறையே அலையைத் தடுத்துச் சல்லியைக் காக்கிறது. பாறை போனால் தீவுக்கு வரவும் இல்லை, காவலும் இல்லை.

விலாங்குச்சல்லி இன்று நீருக்கு மேலே இல்லை. கீழக்கரைப் பக்கமுள்ள பூவரசன்பட்டித் தீவும் அவ்வாறே மூழ்கிவிட்டது. இதற்குப் பல ஆண்டுகளாகப் பவளம் வெட்டியதே முதன்மைக் காரணம் என ஆய்வாளர்கள் கூறுகின்றனர். வான் தீவு முன்பு சுமார் 16 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2015ஆம் ஆண்டு வாக்கில் அது 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன்பின் அத்தீவைக் காக்கக் காங்கிரீட்டால் செய்த செயற்கைப் பார்கள் கடலுக்குள் இறக்கப்பட்டன. கடலிலிருந்து கல்லை எடுத்து நிலத்தில் வீடு கட்டினோம்; இப்போது நிலத்திலிருந்து காங்கிரீட்டை எடுத்துப் போய்க் கடலுக்கு வீடு கட்டுகிறோம்!

தீவு மறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். உலகின் பல இடங்களில் செய்யப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, பவளப்பாறைகள் அலைகளின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டை உறிஞ்சிவிடுகின்றன என்று காட்டியது. 1987இல் பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. தன் பவளத்தை வெட்டி வீடு கட்டிய அந்தத் தீவு, பின்னர் காங்கிரீட் அலைத்தடுப்புகளைச் சுவராக அடுக்க நேர்ந்தது.

இன்னும் கொடிய சான்று இலங்கையில் கிடைத்தது. அத்தீவின் தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பவளம் பெருமளவு வெட்டப்பட்ட பகுதி ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று அங்குள்ள பெரலியவில் ஆழிப்பேரலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே புகுந்து, ஒரு பயணிகள் புகைவண்டியையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில கிலோமீட்டர் தெற்கே, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த இக்கடுவையில் நீர் சுமார் 50 மீட்டர் தூரமே உள்ளே வந்தது. இவ்வேறுபாட்டுக்குப் பவளம் அழிந்ததும் ஒரு காரணம் என்று அங்கு ஆராய்ந்தவர்கள் எழுதினர். கடலுக்கடியில் இருப்பதும் நம் வீட்டுச் சுவர்தான். ஊருக்கெல்லாம் பொதுவான வெளிச்சுவர்.

இன்று வீடு கட்டுவோருக்கு

அப்படியானால் பழைய வீடுகளிடமிருந்து கற்க ஒன்றுமில்லையா? நிறைய உண்டு. அமைப்பையும் பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

அமைப்பை அப்படியே எடுத்துக் கொள்ளலாம். கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் ஏனா டி சில்வா என்பவருக்காக ஒரு வீடு கட்டினார். நகரின் நெருக்கமான மனையில், நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஓட்டுக் கூரை என நாட்டு முறையிலேயே அமைத்து, அதில் நவீனக் குடும்பம் வசதியாக வாழ வழி செய்தார். முற்றம் பழங்காலத்துப் பொருள் அன்று என்பதை அவ்வீடு உலகுக்குக் காட்டியது. கடற்காற்றும் வெயிலும் மாறவில்லை. எனவே முற்றமும் திண்ணையும் எதிரெதிர்ச் சன்னல்களும் இன்றும் பயன்படும்.

பொருளைப் பற்றிய கருத்து வேறு. கேரளத்தில் எளிய, சிக்கன வீடுகளைக் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர், காந்தியடிகள் தமக்குக் கூறியதாக ஒரு கருத்தை அடிக்கடி நினைவுகூர்வார்: வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும். மிக நல்ல விதி. ஆனால் தூத்துக்குடியில் ஐந்து மைல் வட்டம் போட்டால் வான் தீவும் அதற்குள் வந்துவிடுகிறதே! ஆகவே இவ்விதியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்வோம்: எடுக்கும் வேகம், அது வளரும் வேகத்தை மிஞ்சக் கூடாது. ஓலை இரண்டு விதிகளிலும் தேறுகிறது. பவளம் முதல் விதியில் தேறி, இரண்டாவதில் தோற்கிறது.

அப்படித் தேறும் பொருள்கள் இன்று உண்டா? தூத்துக்குடியில் 1979இல் மின் உற்பத்தி தொடங்கிய அனல் மின் நிலையம் மலையளவு நிலக்கரிச் சாம்பலைத் தந்திருக்கிறது. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் கலந்து, சூளையில் சுடாமலேயே உறுதியான கல் செய்யலாம். உப்பளங்களில் உப்போடு ஜிப்சமும் கிடைக்கிறது. கழிவாகக் குவிந்ததை எடுப்பதால் எந்த உயிரின் வீடும் இடிவதில்லை. செங்கல்லை நெட்டுவாக்கில் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டு அடுக்கும் பேக்கரின் முறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். அந்த வெற்றிடத்திலுள்ள காற்று, பவளக்கல்லின் துளைகளைப் போலவே வெப்பத்தைத் தடுக்கும்.

காங்கிரீட் கூரை போடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடப் பருமனில் பல மடங்கு பெரியது. அது உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். எனவே கடற்கரையில் கடல் மணலும் உவர்நீரும் கலவைக்குக் கூடாது. கம்பியின் மேல் காங்கிரீட் போதிய தடிப்பாக மூடியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் பவளக்கல் வீடுகளை என்ன செய்வது? காப்பாற்ற வேண்டும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சே அவற்றுக்கு ஏற்றது. இடிக்க நேர்ந்தால் கல்லைக் குப்பையில் கொட்டாமல் மீண்டும் சுவருக்கே பயன்படுத்தலாம். கடல் நீர் சூடேறி 2010, 2016ஆம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்துத் துன்புற்றன. இழந்ததை ஈடுசெய்ய அவற்றுக்கு முன்னைவிடக் கூடுதலான காலம் தேவைப்படும் இந்நாளில், ஏற்கெனவே எடுத்த கல்லை வீணாக்க நமக்கு உரிமையில்லை.

நீங்கள் நாளை ஒரு வீடு கட்டலாம். அல்லது உங்கள் பெற்றோர் கட்டும் வீட்டைப் பற்றி அவர்களோடு பேசலாம். காற்று எந்தத் திசையில் வருகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். அதோடு, இந்தக் கல் எங்கிருந்து வந்தது, இந்த மணல் எந்த ஆற்றுடையது, எடுத்த இடத்தில் அது மறுபடி உண்டாக எத்தனை ஆண்டு ஆகும் என்றும் கேளுங்கள். முத்துச் சிப்பியை எண்ணிய ஊர், தன் வீட்டுக் கல்லையும் எண்ணக் கற்றுக்கொள்ள முடியும்.